பதினாறாம் நாளுக்குப் பிறகு யார் வருகிறார்?

தோட்டத்தில் ஒரு சாவு விழுந்துவிட்டால் நம் மக்கள் பணம் காசு பார்ப்பதில்லை, பகை பார்ப்பதில்லை. நேற்றுவரை வேலித் தகராறில் முகம் கொடுத்துப் பேசாதிருந்தவன்கூட முதல் ஆளாக வந்து பந்தலுக்குக் கம்பு நடுகிறான். ஒரு வீட்டில் கோப்பி கலக்குகிறார்கள், ஒரு வீட்டில் சோறு பொங்குகிறார்கள். பிரட்டுக் களத்தில் பட்டியல் எழுதி ஆளுக்கு ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்று சேர்க்கிறார்கள். பாடை கட்ட, தப்படிக்க, சுடுகாட்டுக்குக் கூடப் போக என்று எதற்கும் ஆள் குறைவதில்லை. இந்த நல்ல குணத்தை நாம் பெருமையோடு சொல்லிக் கொள்ளலாம்.

பதினாறாம் நாள் கருமாதி முடிகிறது. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள். இரவல் வாங்கிய நாற்காலியும் அண்டாவும் திரும்பிப் போகின்றன. பதினேழாம் நாள் காலையில் அந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறவர் யார்?

பெரும்பாலும் யாரும் இல்லை! அந்தத் தாய் தனியே எழுந்து, பழக்க தோஷத்தில் இரண்டு கோப்பைத் தேநீர் கலக்கிவிட்டு, ஒரு கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மனைவியைப் பறிகொடுத்தவர் என்றால், பிள்ளைக்குச் சடை பின்னத் தெரியாமல் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். உண்மையான துக்கம் அன்றைக்குத்தான் வீட்டுக்குள் வந்து உட்காருகிறது. சாவு வீட்டில் கூட்டம் இருந்தவரை அதற்கு இடம் கிடைக்கவில்லை.

இந்தப் பகுதியில் சம்பளத்தைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் பலமுறை பேசுகிறோம். இன்று மனத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். வாழ்க்கைத் துணையை இழந்தவர் எப்படித் தேறி வருவது? அவருக்கு யார் துணை? எந்த வாசலைத் தட்டுவது?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். துக்கம் நோயல்ல. அது பைத்தியமும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. இருபது, முப்பது வருஷம் ஒரே பாயில் படுத்து, ஒரே சட்டிச் சோறு தின்று, ஒரே மலையில் பால் வெட்டிய இருவரில் ஒருவர் போய்விட்டால், மற்றவர் உடம்பில் பாதி அறுந்த மாதிரிதான் இருக்கும். தூக்கம் வராது. சோறு இறங்காது. நெஞ்சு அடைக்கும். செத்தவரின் செருமல் சத்தம் வாசலில் கேட்ட மாதிரி இருக்கும். திடீரென்று கோபம் வரும்; செத்தவர்மேலேயே கோபம் வரும். “நான் அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருந்தா?” என்று மனம் அரிக்கும். இவையெல்லாம் துக்கத்தின் பல முகங்கள். உலகம் முழுக்க மனிதருக்கு வருவதுதான். “பேய் பிடிச்சிருக்கு, காத்துக் கருப்பு அண்டிருச்சு” என்று வேப்பிலை எடுப்பதற்கு முன்னால் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால், நோயல்ல என்பதற்காக அதை அலட்சியம் செய்துவிடவும் கூடாது. 1969 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கோலின் மரே பார்க்ஸ் என்ற மனநல மருத்துவரும் அவருடைய தோழர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனைவியை இழந்த 55 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் ஏறத்தாழ 4,500 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். மனைவி இறந்த முதல் ஆறு மாதத்தில், அதே வயதுடைய மணமான மற்ற ஆண்களைக் காட்டிலும் 40 விழுக்காடு அதிகமானவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலரைக் கொண்டுபோனது இருதய நோய். “பொஞ்சாதி போன துக்கத்துலேயே அவரும் போய்ச் சேந்துட்டாரு” என்று நம் பெரியவர்கள் சொல்வது வெறும் பேச்சல்ல!

நம் தொழிலில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. தூக்கமில்லாத கண்ணோடு செம்பனைக் குலையை அண்ணாந்து பார்த்து அரிவாளை இழுப்பவருக்கு ஒரு விநாடி கவனம் தப்பினால் போதும். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் மலைக்குப் போகிறவருக்கும் அதே கதிதான். துக்கத்தில் இருப்பவரைச் சில நாளைக்குத் தரையில் செய்யும் இலேசான வேலையில் போடும்படி மண்டோரிடமும் கிராணியாரிடமும் கூட வேலை செய்கிறவர்கள் கேட்கலாம். 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் துக்க விடுப்பு என்று தனியாக ஒரு பிரிவு கிடையாது. சங்க ஒப்பந்தத்தையும் நிர்வாகத்தின் மனத்தையும் பொறுத்துத்தான் அது கிடைக்கிறது. ஆகவே கேட்க வேண்டியது நம் பொறுப்பு.

இனி, நாமே கூட்டிக் கொடுக்கும் துன்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கணவன் இறந்தால் பெண்ணுக்கு நாம் என்ன செய்கிறோம்? நாலு பேர் கூடி நின்று பொட்டை அழிக்கிறோம், வளையலை உடைக்கிறோம், தாலியை அறுக்கிறோம். அதன்பின் அவள் முகத்தில் விழித்தால் ஆகாது என்கிறோம். சொந்தத் தம்பி மகளின் மஞ்சள் நீராட்டுக்குக்கூட அவள் பின்வரிசையில் ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கிறது. துணையை இழந்தவளுக்கு மற்றவர் துணை அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் அவளைக் கூட்டத்திலிருந்து தள்ளி வைப்பது என்ன நியாயம்? தந்தை பெரியார் 1929 ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்தார். இந்தக் கொடுமையை ஒழிக்கச் சொன்ன சீர்திருத்தக் குரல் அந்தக் காலம் தொட்டே இந்த மண்ணில் ஒலித்துக் கொண்டிருக்கிறது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் நாம் இன்னும் வளையல் உடைத்துக் கொண்டிருக்கலாமா? சடங்கு வேண்டும் என்கிறவர்கள் செய்துகொள்ளட்டும். ஆனால் அந்தப் பெண்ணுக்கு விருப்பமா என்று அவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

ஆண்களின் கதை வேறு விதம். “ஆம்பளை அழக்கூடாது” என்று சொல்லிச் சொல்லி அவன் கண்ணீரை அடைத்துவிடுகிறோம். அடைத்த தண்ணீர் வேறு வழியில் உடைத்துக்கொண்டு போகிறது. கள்ளும் சம்சுவும் அவனுக்குத் தோழராகின்றன. “மனசு ஆறட்டும், ஒரு கிளாஸ் போடு மச்சான்” என்று வாங்கிக் கொடுப்பவரும் நம்மவர்தான். அதோடு பிள்ளைகள் தாயை மட்டுமல்ல, தகப்பனையும் இழந்துவிடுகிறார்கள். சாவு வீட்டு நண்பருக்கு ஒரு போத்தலை நீட்டுவதைவிட, ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்பது பெரிய உதவி.

அப்படியானால் ‘கவுன்சலிங்’ என்கிறார்களே, அது என்ன? நம்மில் பலர் அதைத் தப்பாகப் புரிந்து வைத்திருக்கிறோம். “நான் என்ன பைத்தியமா, அங்கே போக?” என்று கேட்கிறோம். கவுன்சலர் என்பவர் ஊசி போடுகிறவரல்ல. மாத்திரை எழுதுகிறவரும் அல்ல. “இதைச் செய், அதைச் செய்” என்று உத்தரவு போடுகிறவரும் அல்ல. துக்கப்பட்டவரைப் பேசவிட்டு, குறுக்கே பேசாமல் கேட்டு, மனச்சிக்கலின் நூல் நுனி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க உதவுகிறவர். சொன்னதை ஊருக்குள் பரப்பாதவர். லயத்தில் ஒருவரிடம் சொன்ன இரகசியம் பொழுது சாய்வதற்குள் பத்து வீடு சுற்றி வரும் என்று பயப்படுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! நம் நாட்டில் 1998 ஆம் ஆண்டு கவுன்சலர் சட்டப்படி, பதிவு பெற்றவர்கள்தான் இந்தத் தொழிலைச் செய்யலாம். மந்திரவாதிக்கு நூறு, இருநூறு கொடுக்கும் முன் இந்த வாசலைத் தட்டிப் பார்க்கலாமே.

எங்கே போவது?

முதல் வாசல், பக்கத்து டவுனில் உள்ள அரசாங்கக் கிளினிக். குடிமக்களுக்கு அங்கே டாக்டரைப் பார்க்க 1 வெள்ளிதான். “தலைவலி” என்று மட்டும் சொல்லிவிட்டு மாத்திரை வாங்கி வந்துவிடாதீர்கள். “வீட்டுக்காரர் இறந்துட்டாரு, அதிலேர்ந்து தூக்கமில்லை, மனசு சரியில்லை” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மனநலத்தைச் சோதித்துப் பார்க்கவும், தேவைப்பட்டால் கவுன்சலரிடமோ பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கோ கடிதம் கொடுத்து அனுப்பவும் அவர்களால் முடியும். அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிகளில் மருத்துவ சமூகப் பணிப் பிரிவும் உண்டு. சிகிச்சைக்கும் குடும்பத்துக்கும் எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று அவர்களிடம் கேட்கலாம்.

இரண்டாவது வாசல், சமூகநல இலாகா. தகப்பனை இழந்த ஏழைப் பிள்ளைகளுக்கான மாத உதவிக்கு மனுச் செய்யும் இடமும் இதுதான்.

மூன்றாவது வாசல், டெலிபோன். மகளிர், குடும்ப அமைச்சின் ‘தாலியான் காசே’ எண் 15999. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். சுகாதார அமைச்சு 2022 ஆம் ஆண்டில் தொடங்கிய மனநல உதவி எண் 15555. கோலாலம்பூரில் 1970 ஆம் ஆண்டு முதல் தொண்டர்களைக் கொண்டு நடந்து வரும் ‘பெஃப்ரெண்டர்ஸ்’ அமைப்பின் எண் 03-76272929. இதையும் எந்நேரமும் அழைக்கலாம்; கட்டணம் கேட்க மாட்டார்கள். எந்த எண்ணைக் கூப்பிட்டாலும், “தமிழ் பேசுகிறவர் இருக்கிறாரா?” என்று முதலில் கேளுங்கள். அந்த நேரத்தில் இல்லாவிட்டால், எப்போது இருப்பார் என்று கேளுங்கள். தாய்மொழியில் அழுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. இந்த எண்களை வெட்டி எடுத்து, சுவரில் தொங்கும் காலண்டரில் ஒட்டி வையுங்கள்.

எப்போது போக வேண்டும்? அழுகை வருவதற்காக ஓட வேண்டியதில்லை. மாதங்கள் செல்லச் செல்லத் துக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர வேண்டும். வேலையில், பிள்ளைகளில், கோயில் குளத்தில் மனம் திரும்ப வேண்டும். ஆறு மாதத்துக்கு மேலாகியும் முதல் நாள் போலவே உடைந்து கிடந்து, அன்றாட வேலையே ஓடாமல் இருந்தால் அதற்கு மருத்துவ உதவி வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2022 ஆம் ஆண்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் ‘நீடித்த துக்கம்’ தனியாகவே இடம் பெற்றிருக்கிறது. குடி அதிகமானாலும், பிள்ளைகளைக் கவனிக்க முடியாமல் போனாலும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம்.

“நானும் அவரு பின்னாடியே போயிடறேன்” என்ற பேச்சு வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. அது வெறும் புலம்பலா, உள்ளபடியே எண்ணமா என்று நாமாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். “சாகணும்னு தோணுதா அக்கா?” என்று நேராகவே கேட்கலாம். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. சொல்ல ஆள் கிடைத்ததே என்று பாரம்தான் குறையும். அவரைத் தனியே விடாதீர்கள். ஆபத்தான பொருள்களைக் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். “போலீஸ் கேஸ் ஆகிவிடுமே” என்று முன்பு பயந்து மறைத்தார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023 செப்டம்பரில் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது அது குற்றமல்ல. உதவி கேட்கத் தயக்கம் வேண்டாம்.

மனத்தைப் பற்றிப் பேசும்போது வயிற்றை மறக்க முடியுமா? அடுத்த மாதம் அரிசிக்கு வழி தெரியாதவளிடம் “மனசைத் தேத்திக்கோம்மா” என்றால் எப்படித் தேறும்? ஆகவே காகித வேலையும் ஆறுதலின் ஒரு பகுதிதான்.

சொக்சோ சந்தா கட்டிய தொழிலாளி வேலையிடத்து விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு மாதா மாதம் சார்ந்தோர் உதவித்தொகை உண்டு. வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்தில் இறந்தாலும் உண்டு. நோயினால் 60 வயதுக்கு முன் இறந்திருந்தாலும், போதிய சந்தா இருந்தால் பிழைத்திருப்போர் பென்ஷன் உண்டு. இதில் துணைவருக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கு. மனைவி சந்தா கட்டியிருந்து இறந்தால் கணவருக்கும் இந்த உரிமை இருக்கிறது என்பது பல ஆண்களுக்குத் தெரிவதில்லை. சேமநிதி வாரியத்தில் சேமிப்புப் பணத்தோடு, மரண உதவித் தொகை ஒன்றும் உண்டு. காலம் தாழ்த்தினால் கைவிட்டுப் போகலாம்.

இவற்றையெல்லாம் கேட்கப் போனால் முதலில் கேட்பது திருமணச் சான்றிதழ். இங்கேதான் பல தாய்மார்கள் கண் கலங்கி நிற்கிறார்கள். 1982 மார்ச் 1 ஆம் தேதி முதல், முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். அதற்கு முன் சடங்குப்படி நடந்தவற்றைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பின், கோயிலில் தாலி கட்டி ஊரே சாட்சியாக இருந்தாலும், பதிவு இல்லாவிட்டால் ஆபீஸ் மேசையில் அவள் மனைவியல்ல! அதேபோல் கல்யாணத்துக்கு முன் சேமநிதியில் தாய் பெயரையோ தம்பி பெயரையோ எழுதியவர்கள் மாற்றாமலே விட்டுவிடுகிறார்கள். பிறகு சாவு வீட்டிலேயே மாமியாரும் மருமகளும் மல்லுக்கு நிற்கிறார்கள். இருவரும் உயிரோடு இருக்கும்போதே, இந்த வாரமே, இரண்டையும் சரிபார்த்து வைப்பது மனைவிக்கு நகை வாங்கிக் கொடுப்பதைவிடப் பெரிய அன்பு.

வீட்டுப் பிரச்சினையும் உண்டு. தோட்ட வீடு வேலையோடு ஒட்டியது. வேலை செய்த கணவன் இறந்ததும் “எப்ப காலி பண்றீங்க?” என்ற கேள்வி வந்துவிடுகிறது. துணையையும் இழந்து, பழகிய லயத்தையும் அக்கம்பக்கத்தையும் இழந்தால் அந்தக் குடும்பம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடியும் வரையாவது அவகாசம் தர வேண்டும் என்று நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறோம். அவகாசத்தை வாயால் பேசாமல் எழுத்தில் வாங்கித் தருவது சங்கக் கிளைத் தலைவர்களின் கடமை. தோட்டத்தை விட்டு மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குக் குடியேறிவிட்ட நம் மக்களுக்கு வேறொரு தனிமை. அங்கே எதிர்வீட்டுக் கதவு இரும்புக் கம்பிக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கிறது. லயத்துத் திண்ணை அங்கே இல்லை.

ஆகையால் நாம் ஒரு யோசனையை முன்வைக்கிறோம். இது நம் கற்பனையல்ல. 1960களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பில்லிஸ் சில்வர்மன் என்ற அம்மையார் செய்து காட்டியது. புதிதாகக் கணவனை இழந்த பெண்ணிடம் டாக்டரையோ சாமியாரையோ அனுப்பாமல், முன்பே கணவனை இழந்து தேறிவந்த இன்னொரு பெண்ணை அனுப்பினார். “எனக்கும் இப்படித்தான் இருந்தது” என்று ஒருத்தி சொல்லும் வார்த்தைக்கு இருக்கும் பலம் வேறு எவர் வார்த்தைக்கும் இல்லை என்று கண்டார்கள். பிறகு கனடாவில் டொராண்டோ நகரில் செய்து 1980 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும், இப்படித் துணை கிடைத்த பெண்கள் விரைவாகத் தேறினார்கள் என்று காட்டியது.

நம்மால் முடியாதா? ஒவ்வொரு தோட்டத்திலும், ஒவ்வோர் அடுக்குமாடியிலும் மூன்று பேர் போதும். துணையை இழந்து தேறிய இரண்டு தாய்மார்கள், ஒரு பெரியவர். கோயில் கமிட்டியோ மாதர் பகுதியோ அவர்களைத் தேர்ந்தெடுக்கட்டும். வாய் அடக்கம் உள்ளவர்களாக இருக்க வேண்டும். அதுதான் முதல் தகுதி. பதினேழாம் நாள் காலையில் அவர்களில் ஒருவர் போகட்டும். பிறகு வாரம் ஒருமுறை. முதல் தீபாவளி, முதல் பொங்கல், கல்யாண நாள், தலைத்திவசம் ஆகிய நாள்களை மறக்கவே கூடாது. அவைதான் நெஞ்சை அறுக்கும் நாள்கள்.

போய் என்ன பேசுவது? “எல்லாம் விதி”, “அழுவாதே புள்ள”, “பிள்ளைங்களுக்காகத் தைரியமா இரு” என்று சொல்லாதீர்கள். அவள் வாயை அடைக்கும் சொற்கள் அவை. “அண்ணனைப் பத்திச் சொல்லுங்க அக்கா” என்று கேளுங்கள். செத்தவர் பெயரைச் சொல்லப் பயப்படாதீர்கள். “ஏதாவது வேணும்னா கேளு” என்று சொல்லிவிட்டு வராமல், “வியாழக்கிழமை சொக்சோ ஆபீசுக்கு நான் கூட வர்றேன், கார்டெல்லாம் எடுத்து வைங்க” என்று சொல்லுங்கள். கிளினிக்கில் பெயர் கூப்பிடும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

பிள்ளைகளையும் மறக்க வேண்டாம். “அப்பா வெளியூர் போயிருக்காரு” என்று பொய் சொல்வதால் பிள்ளைக்குப் பயம்தான் வளரும். நடந்ததை அதற்குப் புரியும் வார்த்தையில் சொல்லுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வகுப்பில் தூங்கி வழியும் பிள்ளையை அடிக்காமல் இருப்பார்.

காலம் போனபின் மறுமணம் செய்துகொள்ள விரும்பினால், ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும், அது அவரவர் உரிமை. ஆணுக்கு ஆறு மாதத்தில் பெண் பார்க்கிறோம். பெண் ஒருத்தி அந்த நினைப்பைச் சொன்னால் தூற்றுகிறோம். இந்த இரட்டை நாக்கு நமக்கு வேண்டாம். தனியாகவே வாழ்வேன் என்பவரையும் வற்புறுத்த வேண்டாம்.

பாட்டாளிச் சகோதரர்களே, தாய்மார்களே! பந்தல் போட நமக்குக் கற்றுத்தர ஆள் தேவையில்லை. பாடை தூக்கத் தோள் கொடுத்தவர்கள் நாம். அந்தத் தோளில் ஒன்றையாவது பதினேழாம் நாளுக்கு மிச்சம் வைப்போம். உங்கள் லயத்தில், உங்கள் மாடியில், இந்த ஆண்டு துணையை இழந்த வீடு எது என்று யோசித்துப் பாருங்கள். இன்று வேலை முடிந்து வந்ததும், கால் முகம் கழுவிக்கொண்டு, அந்தக் கதவைத் தட்டுங்கள்.